பிண்டச் சோறும் புலவர் கேள்வியும்

சடங்குகளைப் பற்றிப் பாடுவது நம்மவர்க்கு மிக எளிதாகிவிட்டது. மணமாயின் ஓமப் புகை, பொருள் விளங்கா மந்திரம், தட்சிணைத் தட்டு. சாவாயின் எள்ளும் தண்ணீரும் காக்கையும். இவற்றை வரிசையாக அடுக்கி, ஈற்றில் தமிழனை விழித்தெழச் சொல்லிவிட்டால் சீர்திருத்தப் பாட்டு ஒன்று ஆயிற்று. இத்தகைய பாட்டுக்களில் பத்தைப் படித்தவன் பதினொன்றாவதைப் படிக்க வேண்டுவதில்லை, அவனே எழுதிவிடலாம். யானும் எழுதியிருக்கிறேன்.

அக்கருத்துக்களைக் குறைகூற வந்தேன் என்று அன்பர்கள் கொள்ளலாகாது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியது முதல், இந்நாட்டுத் தமிழரிடையே சடங்கு பற்றிய வினா ஓய்ந்ததில்லை. ஓய வேண்டுவதும் இல்லை. கருமாதிக்குக் கடன் வாங்கி, அக்கடன் தீருமுன் அடுத்த கடனுக்கு வந்து நிற்பவர்களைச் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி அறியாமல் வேறு யார் அறிவார்? கருத்து நன்றே. கருத்து நன்றாயிருப்பதனால் பாட்டும் நன்றாய்விடுமோ என்பதே என் ஐயம்.

நம் பாட்டுக்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: செத்தவன் எப்படிச் சோறு உண்பான்? கேட்ட அளவில் கூட்டத்தார் கைதட்டுவர். இக்கேள்வி நம் இயக்கத்தார் புதிதாகக் கண்டதன்று. புறநானூற்றின் 234-ஆம் பாட்டில் வெள்ளெருக்கிலையார் என்னும் புலவர் இதனைக் கேட்டிருக்கிறார். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற என் போன்றோர் சங்க நூல்களைக் காலங்கடந்தே கையில் எடுக்கிறோம். அதனால்தானோ என்னவோ, முதன்முறை படித்தபோது, பகுத்தறிவுக்குப் பழஞ்சான்று ஒன்று கிட்டிவிட்டது என்று துள்ளினேன். மறுமுறை படித்தபோது நாணினேன்.

பாட்டு ஆறே அடி. வேள் எவ்வி இறந்துபட்டான். எவ்வி மார்பிற் புண்பட்டான் என்ற செய்தி பொய்யாதல் வேண்டும் என்று முந்திய பாட்டில் மன்றாடியவரும் இதே புலவரே. செய்தி பொய்க்கவில்லை. இப்போது எவ்வியின் மனைவி பெண்யானையின் காலடியளவான ஒரு சிறு இடத்தை மெழுகி, புல்லின்மேல் பிண்டம் வைத்திருக்கிறாள். அதனைக் கண்ட புலவர், தம் வாழ்நாள் தேய்ந்தொழிக என்று நொந்து, இதை அவன் எவ்வாறு உண்டானோ என்கிறார். காரணமும் கூறுகிறார்: உலகத்தார் எல்லாம் புகும்படி திறந்து கிடந்தது அவன் வாயில், பலரோடு இருந்து உண்டே பழகியவன் அவன்.

இங்கே சற்று நிற்றல் வேண்டும். பிணத்துக்கு வாயில்லை, வயிறில்லை என்று புலவர் வாதிக்கவில்லை. மறுமை உண்டு என்றும் இல்லை என்றும் அவர் வழக்காடவில்லை. அவர் கண்ட இடையூறு வேறு. இறந்தவனால் உண்ண இயலாது என்பதன்று, தனியே உண்ண அவனுக்குத் தெரியாதே என்பதுதான் அவரை வருத்துகிறது. நம் கேள்வியும் அவர் கேள்வியும் சொல்லளவில் ஒன்றே. நாம் கேட்பது பக்கத்தில் நிற்கும் புரோகிதனை நாணச் செய்தற்கு. அவர் கேட்பது, உடனிருந்து உண்டவர் ஒருவர் இலையின்முன் கைவைக்க மாட்டாமல் கேட்பது. மேலும் அப்பிண்டத்தை அவர் சிறியது என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை; இனியது என்றும் சொல்கிறார். ஏளனம் செய்பவன் வாயில் 'இனிய' என்ற சொல் வருமா? வைத்தவள் அவன் விரும்பிய காதலி ஆதலால் அது இனிது. பலர் உண்ட வீட்டில் ஒருவனுக்கு வைத்தது ஆதலால் சிறிது. யானை என்னும் பேருருவை நம் கண்முன் நிறுத்திவிட்டு, அதன் ஓர் அடியளவுதான் இடம் என்று சுருக்கியதையும் காண்க. திறந்த வாயில் எங்கே, இந்த அடிச்சுவடு எங்கே! சடங்கு போதாது என்பதை இதைவிடக் கூர்மையாக நம்முள் எவரும் பாடிவிடவில்லை. ஆயினும் மெழுகிய கையை அவர் இகழ்ந்தாரில்லை.

இதனோடு 249-ஆம் பாட்டையும் சேர்த்துப் படிக்கலாம். தும்பி சொகினனார் பாடியது. ஆரல் சேற்றில் ஒளிய, வாளை நீர்மேற் பிறழ, வலைஞர் வராலும் கயலும் முகந்தெடுக்கும் வளநாட்டை அடியடியாகக் காட்டுகிறார். அந்நாட்டுத் தலைவனின் உணவு நேற்றுவரை பலரோடு கூடியது. இன்று அவன் மனைவி, சுளகளவான சிற்றிடத்தைத் துப்புரவாக்கி, ஆப்பியிட்டு மெழுகுகிறாள். மெழுகுவதற்கு நீர் அவள் கண்ணீரே. பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. அவள் மூடநம்பிக்கை உடையவள் என்று நமக்கு அறிவிக்க ஓர் அடி மிகுத்து எழுதியிருந்தால் இப்பாட்டு என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சடங்கை வாதத்துக்குச் சான்றாக எடுத்தாண்ட பாட்டுக்களும் புறநானூற்றில் உண்டு. 360-ஆம் பாட்டும் 363-ஆம் பாட்டும் அத்தகையன. கள்ளி வளர்ந்த சுடுகாட்டில், கள்ளோடு புல்லில் இட்ட சில பருக்கைச் சோற்றைப் புலையன் ஏவ உண்டு, பின் தீயிற் புகுந்த பெருமன்னர்களை முன்னது நினைவூட்டுகிறது; நிலமே கலமாக இட்ட பலிச்சோற்றைப் பின்னது காட்டுகிறது. வாழும் மன்னனுக்கு நிலையாமை கூறி, ஈகையில் நிற்கச் செய்வதே நோக்கம். ஈமச் சடங்கை நடத்தியவன் அங்கே பார்ப்பனன் அல்லன் என்பது கண்டு நம் பேச்சாளர் மகிழ்வர். ஆனால் 363-ஆம் பாட்டு அவனை இழிந்த பிறப்பினன் என்று குறிக்கிறது. அந்த இழிவை மேடையில் யாரும் எடுத்துச் சொல்லக் கேட்டிலேன். அகநானூற்று 86-ஆம் பாட்டுக்கும் நம்மிடத்தில் இதே கதிதான். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்தியதைச் சொல்லி, தீயில்லை, புரோகிதனில்லை என்று முழங்குகிறோம். கோளின் தீமை நீங்கிய திங்களும் நல்ல நாளும் பார்த்து அம்மணம் நிகழ்ந்ததாக அதே பாட்டுக் கூறுவதை விழுங்கிவிடுகிறோம். பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் பாதிச் சாட்சியைத்தான் கேட்போம் போலும்.

புறத்தின் அவ்விரு பாட்டுக்களும் வலியுடையனவே. எனினும் எவ்வியின் பாட்டுக்கு ஒப்பாகா என்பது என் துணிபு. அவற்றுள் உணவு இடுபவன் முகம் நமக்குத் தெரிவதில்லை. இறந்தவனும் யாரோ ஒரு மன்னன். நெஞ்சில் தைப்பது அறிவுரை, துயரன்று.

சடங்கினிடத்தில் இவ்வளவு பரிவு காட்டினால் அது திரும்பவும் வந்து குந்திக்கொள்ளாதோ என்று தோழர் ஒருவர் என்னிடம் வினவினார். அவர் அச்சம் பொருளற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளெருக்கிலையாரைப் படித்து எவரும் பிண்டம் வைக்கக் கிளம்பியதாகத் தெரியவில்லை. அச்சடங்கால் நிரம்பாத ஓரிடத்தையே அப்பாட்டுக் காட்டுகிறது. சடங்கை நீக்கிய பின்னும் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும்; நம் பாட்டுக்களோ அதன் அருகே போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவர் இறந்தார். கருமாதி வேண்டா என்று நாங்கள் சிலர் எடுத்துச் சொன்னோம். அவர் மனைவியும் இணங்கினார். பண்டாரத்தை அழைக்கவில்லை, காசு மிஞ்சியது. பதினாறாம் நாள் விடியுமுன் லயத்துப் பக்கம் சென்றபோது, அந்த அம்மையார் வீட்டு வாசற்படியில் தகரக் குவளை ஒன்றில் கோப்பி ஆவி பறக்க இருக்கக் கண்டேன். எனக்குச் சினமே எழுந்தது.

"என்ன அம்மா, இது? அவர் வந்து குடிப்பாரா?" என்றேன்.

"குடிக்க மாட்டாருங்க ஐயா, அது எனக்குத் தெரியாதா? பெரட்டுக்கு முன்னே ரெண்டு குவளை கலக்கிக் கலக்கிக் கை பழகிப் போச்சு. ஒண்ணு மட்டும் கலக்கத் தெரியலை" என்றார்.

அன்று பகல் ஆபீசில் அமர்ந்து இதனைப் பாட்டாக்க முயன்றேன். முதல் இரண்டு அடிகளில் குவளை வந்தது. மூன்றாம் அடியில், அதில் இல்லாத காக்கையை எங்கிருந்தோ கொணர்ந்து ஏசத் தொடங்கிவிட்டேன். தாள் இன்னும் செக்ரோலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.