விடியல் இசைக்கு உரியவர்

ஈஜிபுராவில் வாழும் நம்மவருள் ஒரு தலைமுறையினர்க்கு வானொலியோடுதான் பொழுது விடிந்தது. தம்பூராச் சுருதியின்மேல், சிவரஞ்சனிச் சாயலில் வயலின் எழும் அத்தொடக்க இசையை நாம் மறந்திலோம். ஆயினும் அதனை அமைத்த வால்டர் காஃப்மன் என்னும் பெயரை அறிந்தோர் சிலரே.

1907இல் இன்றைய செக் நாட்டின் கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர் அவர். பெர்லினிலும் பிராகிலும் பயின்று, நாஜிகளின் எழுச்சியால் 1934இல் பம்பாய் வந்தார்; 1946 வரை இந்தியாவில் வாழ்ந்தார். இங்கிருந்தபோது, 1943இல், இயற்றியதே ‘இந்திய சிம்பனி’. அதனையும் அவரது மூன்றாம் சிம்பனியையும் அண்மையில் இசைத்தட்டாக்கியிருப்போர் பெர்லின் வானொலி சிம்பனிக் குழுவினர்; நடத்துநர் டேவிட் ராபர்ட் கோல்மன்.

கருநாடக இசையில் தோய்ந்த செவிக்கு இவ்விசை முதலில் சற்றே அயலாய்த் தோன்றும். தம்பூரா இல்லை, ஆதார சட்ஜமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பல குரல்கள் ஒருங்கே நகர்வதால் இராகம் தங்கி மலர இடம் குறைவு. கமகத்தை எதிர்பார்ப்போர் ஏமாறவே செய்வர். எனினும் நம் பண்களை ஒப்பனையாகப் பூசிக்கொண்டவர் அல்லர் காஃப்மன். வட இந்திய, தென்னிந்திய இராகங்களைப் பற்றித் தனித்தனி நூல்களே எழுதியவர். தொடக்க இசையை மட்டும் கேட்டு அவரை அளத்தல், பாயிரத்தோடு நூலை மூடுவதை ஒக்கும்.

பெர்லின் வானொலிக் குழுவினர் பதித்த இத்தட்டினை, அத்தொடக்க இசையை அடுத்து, நம் வானொலியும் ஒருநாள் ஒலிபரப்பக் கேட்க விழைகிறோம்.