மின்சாரமா, மனச்சான்றா?

1953ஆம் ஆண்டு ஜூலை 18 முதல் ஆறு சனிக்கிழமைகள் பி.பி.சி. தொலைக்காட்சி நேரலையாக வழங்கிய ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்’ தொடரை வெறும் திகில் கதையென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. நைஜல் நீல் எழுத, ருடால்ப் கார்ட்டியர் இயக்கிய நாடகம் அது.

விண்வெளிக்குச் சென்ற மூவரில் ஒருவரே திரும்புகிறார்; மற்ற இருவரும் அவருக்குள் கரைந்திருக்கின்றனர். மெல்ல மனித உருவிழக்கும் அவ்வுடல், அதே ஆண்டு ஜூனில் அரசி முடிசூடிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பேருருக் கொள்கிறது. ஆலயத்தின் புகைப்படத்தினூடே அசைந்த, கையுறை மாட்டிய நீலின் கைகளே அப்பூதம்! எளிய உத்திதான், ஆனால் கருத்து எளியதன்று.

ராக்கெட்டை அனுப்பிய பேராசிரியர் குவாட்டர்மாஸ் அங்கே ஆயுதத்தை நம்பவில்லை. உள்ளே புதையுண்ட மூவரின் மனிதத்தை நோக்கி மன்றாடுகிறார். அவர்களும் இசைந்து, அவ்வுயிரை எதிர்த்து, அதனோடு தாமும் மடிகின்றனர்.

1955இல் ஹாமர் நிறுவனத்தின் திரைப்படமோ மின்சாரம் பாய்ச்சி அதனைக் கொன்றது. விறுவிறுப்பு கூடியது, பொருள் குன்றியது. மின்சாரம் அழிப்பது ஒரு விலங்கை; சொல் எழுப்புவதோ மூன்று மனச்சான்றுகளை. தன் அறிவு விளைத்த கேட்டின்முன் அறிஞன் பணிந்து நிற்பதும் படத்தில் மறைந்தது.

தொடரின் முதலிரு பகுதிகளே இன்று பதிவாக எஞ்சியுள்ளன. அந்த மன்றாட்டை நாம் நூல்வடிவில்தான் படிக்க முடியும். படித்தாலும் அது நம்மை உலுக்கவே செய்கிறது.