வேஷம் கலைச்ச பிறகு: லிவிங் ஸ்மைல் வித்யாவை மறுபடி வாசித்தல்

எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில ராத்திரி முழுக்க கணியான் கூத்து நடக்கும். அண்ணாவி நடுவில் நின்று கதை பாட, ரெண்டு பேர் மகுடம் அடிக்க, சேலை கட்டி சலங்கை போட்ட ரெண்டு ஆண்கள் ஆடுவார்கள். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கமும் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் எழுந்து போய் ஆடுகிறவரின் சேலையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை அந்த ஆட்டக்காரர் கைலியோடு டீக்கடைக்கு வந்தார். கண் மை முழுசா போகல. பெஞ்சில் இருந்த அண்ணன்மார் கேலி செய்ய, நானும் கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன வார்த்தை என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். அவர் திருநங்கை என்று நான் சொல்லவில்லை. சேலை கட்டி ஆடுவது அவருக்குக் குலத்தொழில், சாமி காரியம். நோட்டு குத்தின ராத்திரிக்கும் கேலி செய்த காலைக்கும் இடையில் ஆறு மணி நேரம்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

லிவிங் ஸ்மைல் வித்யாவை மறுபடி வாசித்தபோது அந்த டீக்கடைதான் ஞாபகம் வந்தது.

அவரை நான் முதலில் அறிந்தது புத்தகம் மூலமாக அல்ல, வலைப்பதிவு மூலமாக. 2005, 2006 வாக்கில் தமிழ் வலைப்பதிவுலகம் சூடாக இருந்த காலம். ஆபீசில் பில்ட் ஓடும் நேரத்தில் தமிழ்மணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். ஒரு திருநங்கை தன் பெயரிலேயே எழுதியதும், பின்னூட்டங்களுக்குச் சளைக்காமல் பதில் சொன்னதும் அன்றைக்குப் புதுசு. 2007-ல் கிழக்கு பதிப்பகம் ‘நான், வித்யா’வை வெளியிட்டது. வாங்கினேன், ஒரே மூச்சில் படித்தேன், “ஐயோ பாவம்” என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போன மாதம் எடுத்தபோதுதான் நான் எவ்வளவு மோசமாக வாசித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

நான் மட்டுமில்லை, அந்தப் புத்தகம் பற்றி வந்த பேச்சில் பெரும்பகுதி அந்தப் பாணிதான். அது துயரக் கதையாகவும் தன்னம்பிக்கைக் கதையாகவுமே வாசிக்கப்பட்டது. புத்தகத்தின் அமைப்பும் அதற்கு இடம் கொடுக்கிறது. திறந்ததும் ‘நிர்வாணம்’, அதாவது அறுவை சிகிச்சைக்காக ஆந்திராவுக்குப் போகும் ரயில் பயணம். அதற்குப் பிறகுதான் திருச்சி, பிள்ளையைக் கலெக்டர் ஆக்கியே தீருவது என்று நின்ற அப்பா, வீட்டில் யாரும் இல்லாதபோது அக்காவின் பாவாடையைக் கட்டி ஆடிய குழந்தை. வாசகனை முதல் அத்தியாயத்திலேயே பிடித்து உட்கார வைக்கும் உத்தி இது. ஆனால் அதற்கு விலை உண்டு. உடம்பில் என்ன நடந்தது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. கடைசிப் பக்கம் வரை வாசகன் அந்தக் கேள்வியை விடுவதில்லை.

நான் இந்த முறை பின்தொடர்ந்தது வேறொரு இழையை. இவர் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர். அங்கே மு. ராமசாமியின் நாடகப் பட்டறைக் காற்று பட்டவர். நடிப்பு என்றால் என்ன என்று யோசித்த ஒருவர்தான் பிறகு புனே ரயில்களில் கைதட்டிக் காசு கேட்கப் போகிறார். பாலியல் தொழில் வேண்டாம், பிச்சையே எடுக்கிறேன் என்று அவர் முடிவு செய்யும் பகுதியை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். எனக்குப் பட்டது வேறு. ஒரு பெட்டிக்குள் ஏறியதும் யார் கொடுப்பார், யார் அடிப்பார், எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்று அளப்பது பார்வையாளரை அளக்கிற நடிகரின் வேலை. ஆனால் இந்தத் தொடர்பைப் புத்தகம் போகிற போக்கில் விட்டுவிடுகிறது. நாடகம் பற்றிய பக்கங்கள் அவசரமாகக் கடந்துபோகின்றன. மதுரையில் வேலை கிடைத்த பகுதி நன்றி சொல்லும் கடிதம் போல இருக்கிறது. இது அவர் குறை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2007-ல் தமிழ் வாசகர்கள் ஒரு திருநங்கையிடம் கேட்கத் தயாராக இருந்தது வாக்குமூலத்தைத்தான். கலையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று யார் கேட்டார்கள்?

சாதியும் இப்படித்தான். பிற்காலப் பேச்சுகளிலும் பேட்டிகளிலும் தலித் என்ற தன் அடையாளத்தை அவர் முன்னால் வைத்துப் பேசினார். பிறப்பை வைத்து ஆளை ஒதுக்குவதில் சாதிக்கும் பாலின வெறுப்புக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். புத்தகத்தில் அது பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

அவர் புத்தகத்தில் விட்டதை மேடையில் எடுத்தார் என்பது என் கணிப்பு. 2013-ல் சார்லஸ் வாலஸ் உதவித்தொகை பெற்று லண்டனில் நாடகப் பயிற்சிக்குப் போனார். ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோரோடு சேர்ந்து ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினார். இவர்களின் ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ நாடகத்தில் நடிகர்கள் தங்கள் வாழ்க்கையையே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். செம்மலர் திருநம்பி என்பதால், தமிழ்நாட்டில் பேச்சே இல்லாமல் கிடந்த அந்தப் பக்கமும் மேடைக்கு வந்தது. புத்தகத்தை நான் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு மூடிவிடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. நாடகத்தில் அது நடக்காது, எதிரே நிற்கிறவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். டீக்கடையில் அந்த மனுஷர் பார்த்த மாதிரி.

நம்ம நாடக மரபு வேஷத்தை எப்போதும் கொண்டாடியிருக்கிறது. நாகர்கோவிலோடு நெருங்கிய தொடர்பு கொண்ட டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து, அந்த வேஷத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. சென்னையில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷம் கட்டிய பையன்களைப் பற்றிப் பழைய ஆட்கள் பாசத்தோடு பேசுவார்கள். வேஷம் கலையும் என்ற உத்தரவாதம் இருக்கும்வரை நமக்குப் பிரச்சனை இல்லை. “இது வேஷமில்லை, நானே இதுதான்” என்று ஒருவர் சொல்லும்போதுதான் பல்லைக் காட்டுகிறோம்.

சினிமாவில் இது இன்னும் அப்பட்டம். வித்யாவின் புத்தகம் கன்னடத்தில் ‘நானு அவனல்ல, அவளு’ என்று படமானது. இயக்கம் பி.எஸ். லிங்கதேவரு. வித்யாவின் பாத்திரத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது கிடைத்தது. ஒப்பனைக்கும் தேசிய விருது. விஜய் மனசு வைத்து நடித்தார், குறை சொல்ல மாட்டேன். 2021-ல் விபத்தில் அவர் இறந்தது பெரிய இழப்பு. ஆனாலும் யோசித்துப் பாருங்க. மேடை நடிகையான ஒரு திருநங்கையின் சுயசரிதைக்கு சிறந்த ‘நடிகர்’ விருதும், சிறந்த ஒப்பனை விருதும். சவம், இதை எந்த நையாண்டி எழுத்தாளராலும் கற்பனை பண்ணியிருக்க முடியாது. அதே வித்யா மிஷ்கினின் ‘நந்தலாலா’வில் உதவி இயக்குநராக வேலை செய்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை அங்கீகரித்தது. அதன் பிறகும் வித்யாவால் இங்கே நிம்மதியாக வாழ முடியவில்லை. 2018-ல் சுவிட்சர்லாந்து போய்த் தஞ்சம் கேட்டார். அங்கேயும் மேடையை விடவில்லை. ‘ஆர்வலர்’ என்று நாம் முத்திரை குத்தி அனுப்பியவரை அங்கே நடிகை என்று அறிமுகம் செய்கிறார்கள்.

பெயர் மாற்றத்துக்காக அவர் அலைந்ததைப் படிக்கும்போது என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. நான் எழுதிய ஒரு உறுப்பினர் பதிவு மென்பொருளில், பாலினம் என்ற புலத்தை ஒருமுறை சேமித்தால் மாற்ற முடியாது. “அது எதுக்கு மாறப் போகுது?” என்று ரிவ்யூவில் நானே சொன்னது. பெயரை மாற்றலாம், ஆனால் அது ‘பிழை திருத்தம்’ என்ற மெனுவில் இருந்தது. காரணம் என்ற பெட்டியில் ‘எழுத்துப்பிழை’, ‘திருமணம்’ என்று ரெண்டே தேர்வுகள். பதினோரு வருஷம் அது அப்படியே ஓடியது. அந்தக் கவுன்டருக்கு யாராவது வந்து, ஊழியர் திரையைக் காட்டி “சிஸ்டத்துல வழியில்லம்மா” என்றோ “இல்ல சார்” என்றோ சொல்லி அனுப்பியிருப்பார். அந்தச் சிஸ்டம் நான்தான்.

போன வாரம் மாற்றினேன். நாற்பது வரி கோடு, ஒரு டேட்டாபேஸ் மாற்றம், ரெண்டு நாள் டெஸ்டிங். பழைய பெயர் தணிக்கைப் பதிவில் மட்டும் இருக்கும், கவுன்டர் திரையில் வராது. கூட வேலை பார்க்கும் பையன் கேட்டான்: “இதுக்கு யாரும் டிக்கெட்டே போடலியே அண்ணே?”

“போட வழி இருந்தாத்தானே போடுவாங்க” என்றேன்.