மன்னிப்பும் வினைச்சொல்லும்

ஓர் ஏட்டின் தரத்தை அதன் அலங்காரத்தைக் கொண்டு அளப்பார் பலர். வினைச்சொல்லைக் கொண்டு அளப்பதே நம் பழக்கம். மதரஸாவில் ஸர்ஃபு ஓதிய நாள்தொட்டு வந்த பழக்கம் அது. அடிமை முறையைக் காக்கவென்று அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போரை (1861-1865) ஒட்டி எழுந்த மூன்று ஏடுகளை இங்கு அவ்வாறே படித்துப் பார்க்க விழைகிறோம். இரண்டு, ஆள்வோர் வகுத்த விசுவாசப் பிரமாணங்கள். மூன்றாவது, அடிமைத்தளையினின்று விடுபட்டோர் எழுதிய கடிதம்.

முதலாவது, 1862 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ‘இரும்புக்கவசப் பிரமாணம்’. அரசுப் பதவி ஏற்போர், தாம் ஒருபோதும் மனமுவந்து நாட்டுக்கெதிராக ஆயுதம் ஏந்தியதில்லை, ஏந்தியோர்க்கு உதவியதுமில்லை என்று ஆணையிடல் வேண்டும். இதன் உயிர்நிலை இறந்தகால வினை. நடந்து முடிந்ததை எவராலும் மாற்ற இயலாது. ஆகவே, இதன் முன் நின்ற கிளர்ச்சியாளர்க்கு விலகிப் போவதோ பொய்யாணை இடுவதோ தவிர வேறு வழியில்லை. திருந்த விரும்புவோர்க்கு இதில் இடமேயில்லை. 1865 ஜனவரியில் இது கூட்டாட்சி நீதிமன்ற வழக்கறிஞர்களுக்கும் விரிக்கப்பட்டது. கிளர்ச்சியாளர் தரப்பில் இருந்து, பின்னர் மன்னிப்புப் பெற்ற அகஸ்டஸ் கார்லண்ட் என்னும் வழக்கறிஞர் இதனை எதிர்த்து வழக்காடினார். 1867-இல் உச்சநீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, 1863 டிசம்பர் 8-இல் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட பொதுமன்னிப்புப் பிரகடனத்தில் உள்ளது. ‘இனிமேல்’ என்னும் ஒரு சொல்லே இதன் அச்சாணி. இனிமேல் அரசியல் சாசனத்தைக் காப்பேன், அடிமைகள் குறித்த சட்டங்களையும் பிரகடனங்களையும் ஏற்று நடப்பேன் என்பதே ஆணை. தவறே செய்ததில்லை என்று சத்தியம் வாங்குவது தமக்கு உடன்பாடில்லை என்றும், இனித் தவறு செய்யாதிருந்தால் போதும் என்றும் லிங்கன் 1864-இல் எழுதினார். கதவைத் திறந்துவிடும் மொழி இது. இரண்டு பிரமாணங்களுள் இதுவே உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் இதிலும் ஒரு குறை மறைந்து கிடந்தது. லிங்கன் கொலையுண்டபின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்ஸன் 1865 மே 29-இல் பிறப்பித்த பிரகடனத்தில் அது வெளிப்பட்டது. அவரும் ‘இனிமேல்’ என்றே ஆணை கேட்டார். 20,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துடையோர் உள்ளிட்ட 14 வகையினர் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; அவர்களுக்கும் மன்னிப்பு தாராளமாகவே கிடைத்தது. மன்னிக்கப்பட்டோர்க்கு, அடிமைகள் நீங்கலாக, சொத்துரிமை திரும்பிற்று. ஆனால் கடலோர நிலங்கள் பலவற்றை, அவ்வாண்டு ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரையென விடுதலை பெற்றோர்க்கு ஒதுக்கியிருந்தார். உழுது விதைத்த அவர்களிடமிருந்து அந்நிலம் மீளப் பறிக்கப்பட்டது.

மூன்றாவது ஏடு இங்கேதான் பிறக்கிறது. 1865 அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குச் சென்ற ஜெனரல் ஹோவர்ட், நிலத்தை விட்டுக்கொடுத்து, பழைய எஜமானர்களை மன்னிக்குமாறு மக்களை வேண்டினார். போரில் வலக்கையை இழந்தவர் அவர். தீவினர் சார்பில் மூவர் அவருக்கு மறுமொழி எழுதினர். கையை மட்டும் இழந்த நீர் மன்னிக்கக்கூடும்; என்னை மரத்தில் கட்டி 39 கசையடி அடித்தவன், என் தாயையும் சகோதரியையும் அடித்தவன், இன்றும் தன் வெற்றுக்குடிசையில் நான் தங்க வேண்டுமாயின் தான் சொல்லும் கூலிக்கே உழைக்க வேண்டும் என்கிறான்; எனக்கு நிலம் கிடையாதபடி பிறரோடு கூடிச் சூழ்ச்சி செய்கிறான்; அவனை எங்ஙனம் மன்னிப்பேன்? கடிதத்தின் சாரம் இதுவே.

இக்கடிதத்தில் எழுத்துப்பிழைகள் உண்டு. ஆயினும் மூன்றனுள் இலக்கியம் என்று நாம் துணிந்து சொல்வது இதனையே. அடியை இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு, அநீதியை நிகழ்காலத்தில் சொல்கிறது. ஆள்வோரின் ஏடுகள் இரண்டும் தவறவிட்ட காலம் அதுதான்.

மன்னிப்பு வேண்டாமென்பது நம் கருத்தன்று. அஃதின்றிப் போர்கள் உண்மையில் முடிவதில்லை. ஆனால் அரபு இலக்கணத்தில் நிகழ்காலமும் எதிர்காலமும் ‘முளாரிஉ’ என்னும் ஒரே வினைவடிவில் அடங்கும். ‘இனிமேல்’ என்று ஆணையிடுவோனை நோக்கி ‘இன்று என்ன செய்கிறாய்?’ என்று கேட்கும் உரிமை அடிபட்டவனுக்கு உண்டு. அக்கேள்விக்கு இடமளிக்காத மன்னிப்பு, கிளர்ச்சி செய்தோரை வீட்டிற்குள் அழைத்துக்கொண்டு, அவர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தோரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.