தேடினால் கிடைக்காத சேரன்மகாதேவி

1920களில் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள். அதிலிருந்து எழுந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி ஒப்புக்கொண்ட 10,000 ரூபாயில் 5,000 ரூபாயைக் குருகுலத்துக்குக் கொடுத்திருந்தது. பொதுப்பணம் வாங்கிய இடத்தில் பந்தி பிரிக்கலாமா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். பழ. அதியமான் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படித்து முடித்த திருநெல்வேலி மாணவி ஒருத்தி, மூலங்களைத் தன் கண்ணாலேயே பார்க்க விரும்பினால் சென்னைக்கு ரயில் ஏறாமல் எவ்வளவு பார்க்க முடியும்? கணினிவழித் தமிழாய்வு இன்று எங்கே நிற்கிறது என்பதை அளக்க எனக்கு இந்தக் கேள்வி போதும்.

இலக்கியம் வேண்டுமென்றால் குறையில்லை. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுப் பிழைதிருத்திய நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் நாட்டுடைமை நூல்கள் குவிந்திருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம்.

மாணவிக்கு வேண்டியவை 1924, 1925ஆம் ஆண்டு இதழ்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய இதழ்கள் பெரும்பாலும் பக்கத்தின் படங்களாகவே வலையேறுகின்றன. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இன்றைய அச்சை நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களிலும், மை பரவிய மலிவுத் தாளிலும் தடுமாறுகிறது. எழுத்து சரியாக வந்த பிறகும் தேடல் எளிதாவதில்லை. ‘குருகுலம்’ என்று தேடினால் ‘குருகுலத்தில்’, ‘குருகுலத்துக்கு’ எல்லாம் தப்பிவிடும். மகர ஈறு வேற்றுமையேற்கும்போது கெட்டு அத்துச் சாரியை பெறுவதைத் தேடுபொறிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐயர், அய்யர் ஆவார். நாயக்கர், நாய்க்கர் ஆவார். ஊரே சேரன்மாதேவி, சேரமாதேவி, சேர்மாதேவி என்று மாறிமாறி வரும். ஆங்கில ஆவணங்களில் ஷெர்மாதேவி. சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகளுக்குப் போனால் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். இத்தனையும் ஓரூர்தான் என்று இணைத்துக் காட்டும் பட்டியல் இல்லாமல் எந்த மின்னூலகமும் இந்த ஊரைப் பற்றி முழுப் பதில் தராது.

இதைவிட என்னை உறுத்துவது, கிடைப்பவற்றின் சாய்வு. குடிஅரசு இதழில் பெரியார் எழுதியவை தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டு இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த இதழே 1925 மே 2ஆம் தேதிதான் பிறந்தது. அடுத்த மாதம் ஐயர் பாபநாசம் அருவியில் மாண்டார். விவாதம் கொதித்தது அதற்கு முன்னால்: வரதராஜுலுவின் ‘தமிழ்நாடு’, திரு.வி.க.வின் ‘நவசக்தி’, ‘சுதேசமித்திரன்’ பக்கங்களில். ஐயர் தாமே நடத்திய ‘பாலபாரதி’யும் இருக்கிறது. இவை அதே எளிமையில் கைக்கு வருவதில்லை. கைக்கு எட்டியதை மட்டும் மேற்கோள் காட்டும் ஆய்வேடு, தெரிந்தோ தெரியாமலோ ஒருதரப்பு வரலாறாகிவிடும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் நேரில் உட்கார்ந்து இதழ்களைப் புரட்டுவதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

ஆய்வேடுகளின் நிலைமை தனிக் கதை. அவற்றை மின்வடிவில் தர வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. சோத்கங்கா என்ற மின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. அவற்றில் பல ஒருங்குறிக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்கு வெறும் குறிகள். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கும்போது இந்த நிலை நீடிப்பது வேதனை.

1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. திருநெல்வேலி வட்டார ஊர்களின் ஆவணங்களுக்கு அதன் நூலகத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. அதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 2005இல் தொடங்கிய ஈழத்தின் ‘நூலகம்’ மின்னூலகத் திட்டம், யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் தீக்குப் பறிகொடுத்த சமூகத்திலிருந்து எழுந்தது. பெரிய நூல்களோடு பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் துண்டு வெளியீடுகளையும் அது சேர்க்கிறது. ஊர் வரலாறு பாதிக்கு மேல் அவற்றில்தான் இருக்கிறது.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ், வரலாறு மாணவர்களுக்கு ஒரு பருவத் தாள் வைக்கலாம். ஆளுக்குப் பத்துப் பக்கம் பழைய இதழை மெய்ப்புப் பார்க்கட்டும். அதில் வரும் ஆள், ஊர்ப் பெயர்களைப் பொதுப் பட்டியலில் ஏற்றட்டும். பழைய எழுத்தையும் சந்தியையும் இதைவிட நன்றாகக் கற்பிக்கும் வகுப்பு இருக்க முடியாது. நூலகர்கள் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் போய், பரண்களில் கிடக்கும் கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் வீட்டுக்காரர் முன்னாலேயே படமெடுத்து, மூலத்தை அங்கேயே விட்டு வரலாம். முதலில் கேட்க வேண்டியது, குருகுலத்தில் படித்த பிள்ளைகளின் குடும்பங்களிடம்.