ரயிலேறி வந்த ஆச்சி

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பூதப்பாண்டியில் எங்கள் பழைய வீடு. தங்கை மகன் பென்டிரைவில் கொண்டுவந்திருந்த கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் ஒன்றைச் சும்மாதான் ஓடவிட்டோம். எங்கள் ஆச்சிக்கு 84 வயது, இங்கிலீஷில் ஓரெழுத்து தெரியாது. பத்து நிமிஷத்தில் உறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஐந்தாவது நிமிஷமே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தப் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

'மர்டர், ஷி செட்', 1961இல் வந்தது. ஜார்ஜ் போலக் இயக்கம். துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக மார்கரெட் ரூதர்ஃபோர்ட்.

ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார் மிஸ் மார்ப்பிள். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எதிர்ப் பெட்டி ஜன்னலின் திரை சட்டென்று சுருண்டு மேலே ஏறுகிறது. உள்ளே ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கிறான், அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அடுத்த நொடி அந்த ரயில் முந்திப் போய்விடுகிறது. எங்கள் நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்தான், அதுவும் வெகுகாலம் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ரயில் தோளோடு தோள் ஓடுவதை நாங்கள் எங்கே பார்த்தோம்! அந்த ஒரு காட்சிக்கு என் முதுகுத்தண்டு சிலிர்த்தது.

யாரும் நம்பவில்லை. பிணம் கிடைக்கவில்லை என்கிறது போலீஸ். கனவு கண்டிருப்பீர்கள், வயசாகிவிட்டதல்லவா என்ற தோரணை. இங்கேதான் இந்தப் படம் எனக்கு உயிராகிப் போயிற்று. அந்த அம்மாள் அழவில்லை, கெஞ்சவில்லை, நியாயம் பேசவில்லை. ரயில்வே கேங்மேன் வேஷம் போட்டுக்கொண்டு தண்டவாள ஓரத்தில் தேட இறங்கிவிடுகிறார்! தடயம் ஒரு பெரிய பங்களாவின் மதிலருகே போய் நிற்கிறது. அந்த பங்களாவிலேயே சமையலுக்கும் வீட்டுவேலைக்கும் ஆளாகச் சேர்ந்துவிடுகிறார்.

ஆச்சி தொடையில் தட்டினாள். "கெட்டிக்காரி! அடுக்களைக்குள்ள போய்ட்டால்லா? இனி அந்த வீட்டுல ஒரு ரகசியம் நிக்காது, பாத்துக்கோ."

நூறு விமரிசனம் படித்தாலும் எனக்கு இது கிடைத்திருக்காது. எங்கள் நாஞ்சில் நாட்டில் எந்த வீட்டுச் சொத்துச் சண்டையும் முதலில் அடுக்களைக்குத்தான் தெரியும். யார் சாப்பிடாமல் எழுந்தார், யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் பரிமாறுகிறவளின் கண்ணில் படும். அந்த பங்களாவிலும் படுக்கையில் கிடந்து எல்லோரையும் ஏசும் ஒரு கிழவர், அவர் சொத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், வயசுக்கு மீறிய வாய் உள்ள ஒரு பேரன். ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸ் அந்தக் கிழவராகக் கர்ஜிக்கிறார். கண்ணிமைக்காமல் பதில் கொடுக்கிறார் மார்ப்பிள். கோல்ஃப் பழகுகிறேன் என்று தோட்டம் முழுக்கப் பந்தை அடித்துவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மூலைமுடுக்கெல்லாம் துழாவுகிறார். கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பாவம்!

ரூதர்ஃபோர்டின் அந்த முகம் இருக்கிறதே! யோசனை வந்தால் தாடை மட்டும் தனியாக அசைகிறது, வெற்றிலையை அதக்கும் எங்கள் ஊர்க் கிழவிகளைப் போல. அப்போது அவருக்கு 69 வயது, மறைக்காத சுருக்கம். நம் சினிமாவில் பாட்டி என்றால் மூலையில் இருமிக்கொண்டிருப்பாள். 1988இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' வந்தபோது நம் ஆச்சி மனோரமா அந்த மூலையிலிருந்து எழுந்து படத்தையே தூக்கி நிறுத்தினார். அதை இன்றும் கொண்டாடுவேன். ஆனால் அப்போது அவருக்கு ஐம்பதுதான், நரை வேஷம். நிஜமாகவே எழுபதை எட்டும் ஒருவரைக் கதையின் நடுவே நிறுத்தி, சிரிப்பையும் திகிலையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தது இந்தப் படம்.

அகதா கிறிஸ்டியின் '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவல்தான் மூலம். 1957இல் வந்த நாவலில் கொலையைப் பார்ப்பது மார்ப்பிளின் சிநேகிதி, வேலைக்காரியாகப் போவது ஓர் இளம்பெண். படத்தில் மூன்று பேர் வேலையும் இவர் ஒருவருக்கே. நாவல் அபிமானிகள் கோபிக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது. கிறிஸ்டியும் மறு வருஷமே ஒரு மார்ப்பிள் நாவலை ரூதர்ஃபோர்டுக்குத்தான் சமர்ப்பித்தார். நாவலில் இல்லாத இன்னொருவரும் படத்தில் உண்டு. பயந்துகொண்டே கூட வரும் நூலகர் ஸ்ட்ரிங்கர். ஸ்ட்ரிங்கர் டேவிஸ் நடித்திருக்கிறார், ரூதர்ஃபோர்டின் நிஜக் கணவர். மார்ப்பிள் மேல் அவர் காட்டும் பரிவு நடிப்பில் வந்ததல்ல என்பது பார்த்தாலே தெரிகிறது. ரான் குட்வினின் இசை இன்னும் என் காதில் துள்ளிக்கொண்டிருக்கிறது.

படம் பார்த்த பிறகு ரூதர்ஃபோர்டைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டு நாள் மனசு ஆறவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, மனநலம் குலைந்திருந்த தகப்பனார் தன் தகப்பனையே கொன்று மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். விடுதலையான பின், புது வாழ்க்கை தேடி அந்தக் குடும்பம் கைக்குழந்தையோடு வந்த ஊர் நம் மெட்ராஸ்! அங்கேதான் தாயார் தூக்கிட்டுக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை கப்பலேறி லண்டனில் இருந்த தாயின் சகோதரி வீட்டுக்குப் போனது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, இத்தனை லட்சம் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. "நம்ம ஊருத் தண்ணி குடிச்ச பிள்ளையா அவ?" என்றாள், அவ்வளவுதான்.

அது பிறகு. அன்று ராத்திரி, கடைசிக் காட்சியில், அந்த ஏசுகிற கிழவர் மார்ப்பிளைக் கட்டிக்கொள்ள முடிவு செய்துவிட்டதாகப் பெரிய மனது பண்ணி அறிவிக்கிறார். மார்ப்பிள் பதமாக மறுத்துவிட்டு, வாசலில் காத்திருக்கும் ஸ்ட்ரிங்கரோடு புறப்பட்டுப் போகிறார். ஆச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மணி பதினொன்று, மழை விட்டிருந்தது. விளக்கை அணைக்க எழுந்த என்னிடம், இந்த அம்மாள் மார்ப்பிளாக நடித்த படம் இன்னும் மூன்று உண்டு என்று தங்கை மகன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்பொ என்னத்துக்கு மக்கா எந்திக்க? அடுத்ததப் போடு."