அலிப்பூர் பாணி லசான்யா

மன்ற மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது தலைப்புக்காக நான் யோசிக்கவே இல்லை. கல்கத்தாவில் உள்ள நம் தமிழ் மன்றத்து மூத்தோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் ஒன்று, வீட்டு இருப்பை மட்டும் கொண்டு லசான்யா செய்யும் கலை. மன்ற அங்கத்தினருக்கு இதன் அரிச்சுவடி தேவையில்லை. பாணிகளைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் என் மனதில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

மூலமான இத்தாலியிலேயே பாணிகள் இரண்டு. போலோன்யாவில் முட்டையும் கீரையும் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவுத் தகடு, கறிக்குழம்பான ராகூ, வெள்ளைச் சாஸ். அந்த ராகூவின் செய்முறையை இத்தாலியச் சமையல் அகாதெமி 1982-ல் அவ்வூர் வர்த்தக சபையில் முறைப்படி பதிவே செய்துவைத்தது. தெற்கே நேப்பிள்ஸில் ரவையும் நீரும் மட்டும் சேர்ந்த தகடு, நடுவே ரிக்கோட்டா. திருவிழாக் காலத்தில் அவர்கள் வைக்கும் கறி உருண்டைகள் சைவர்களான நமக்கு ஆகாதவை, அதை விடுவோம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புடைய ஒரு சமையல் நூலிலேயே தகட்டுக்குத் தகடு பாலாடைக்கட்டியும் மசாலாவும் தூவும் முறை இருக்கிறது. அப்போது அங்கே தக்காளியே கிடையாது. தக்காளி பின்னால் வந்து சேர்ந்தது. அடுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

கல்கத்தாவில் நம்மவரிடையே மூன்று பாணிகள் வேரூன்றின. லேக் மார்க்கெட் குடும்பங்கள் மெல்லிய சப்பாத்தியை அடுக்கினார்கள். நியூ மார்க்கெட்டில் வாங்கும் பண்டேல் பாலாடைக்கட்டியை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, உப்பை இறக்கி, உதிர்த்துப் போடுவது அவர்கள் தனிச்சிறப்பு. அந்தப் புகைமணத்துக்கு நான் இன்றும் அடிமை. நியூ அலிப்பூர்க்காரர்கள் ஓரம் நீக்கிய பிரெட் துண்டுகளைப் பாலில் நனைத்து அடுக்குவார்கள். நோயாளிக்கும் குழந்தைக்கும் அது ஏற்றது என்பதை யாரும் மறுக்க முடியாது. மூன்றாவது, அலிப்பூர் பாணி. தகட்டை வீட்டிலேயே தேய்ப்பவர்கள் நாங்கள்.

எங்கள் பாணிக்கு மூலவர், பெல்வெடியர் வளாகத்துக் குடியிருப்பில் இருந்த மாமி. மன்றத்தில் 'மாமி' என்றால் அவர் ஒருவர்தான். மாமா தேசிய நூலகத்தில் வேலை பார்த்தார். 1953-ல் மௌலானா ஆசாத் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த அந்த நூலகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்து, இத்தாலியச் சமையல் நூல்களிலிருந்து மாமி பென்சிலால் குறிப்பெடுத்துக்கொள்வார். முட்டை என்ற இடங்களில் எல்லாம் ஒரு சிறு கேள்விக்குறி போட்டிருப்பார். தெற்கு இத்தாலியில் ரவைத் தகட்டுக்கு முட்டை வேண்டியதில்லை என்று ஒரு பக்கத்தில் கண்ட நாளைப் பற்றி, தொலைந்த சொந்தக்காரரைக் கண்டதுபோல் சொல்வார். "நாம குறைச்சுப் பண்ணலைடி. நம்மளது நேப்பிள்ஸ் வழி" என்பார்.

1978 செப்டம்பர் கடைசி வாரத்தை மூத்த அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். ஊரே வெள்ளத்தில் கிடந்தது. மின்சாரம் இல்லை, சந்தை இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்குப் போக வழியில்லாமல் மாமாவின் நண்பர்கள் இருவர் தங்கிவிட்டார்கள். ஆக மொத்தம் ஆறு பேர். மாமி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்துவைத்தார்: மைதா, ரவை, மசூர் பருப்பு, பால் பவுடர், பாதி டின் அமுல் சீஸ், வாடிய தக்காளி, வெங்காயம், அஞ்சறைப் பெட்டியில் ஒரு ஜாதிக்காய். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லசான்யா" என்றார்.

இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு பொடி ரவை. வெந்நீரில் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி ஊறல். தாளின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தேய்த்து, கொதிநீரில் முக்கி எடுத்துத் துணியில் பரப்பினார். மசூரை மசியவிடாமல் முக்கால் வேக்காட்டில் எடுத்து, சுருள வதக்கிய வெங்காயம் தக்காளியில் சேர்த்தார். கறியின் கனத்தை அது தந்தது. பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தார். வங்காளிகளின் சானா திரண்டது. ரிக்கோட்டா பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரை மறுபடி காய்ச்சி எடுப்பது, சானா பாலையே திரிப்பது. இரண்டும் ஒன்றல்ல என்பது மாமிக்குத் தெரியும். அதனால்தான் ஒட்டப் பிழியாமல் ஈரம் விட்டுவைத்தார். வெள்ளைச் சாஸுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, முக்கால் லிட்டர் பால் என்ற கணக்கை விளக்கு வெளிச்சத்திலும் அவர் தளர்த்தவில்லை. வெண்ணெய் இல்லாததால் நெய். அதற்கேற்ப அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் இரண்டு விரல் உப்பைப் பரப்பி, மண்ணெண்ணெய் அடுப்பில் மெல்லிய தீ. மேல்பக்கம் சிவக்காதே என்றேன். காய்ந்த தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடினார். இறக்கியதும் கத்தியை எடுத்த என் கையைப் பிடித்து, "கால்மணி பொறு" என்றார். பிறகு வெட்டினால் ஆறு அடுக்கும் ஓரத்தில் வரிவரியாக நின்றன.

அன்று நான் கற்றது ஒன்றுதான். இருப்பதை வைத்துச் செய்வது வேறு. எதையாவது வைத்துச் செய்வது வேறு. பொருளை மாற்றலாம். அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் மாற்றலாம்.

இன்று செய்பவர்களில் திறமைசாலிகள் பலர். யாரையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை. ஆனாலும் போன குளிர்காலத்தில் ஒரு வைபவத்தில் கண்டதைச் சொல்லாமல் விட்டால் மாமிக்குத் துரோகம். கெச்சப்பே குழம்பு. சீஸ் ஒரு விரல் கனத்துக்கு. பொட்டலத் தகடு, சாஸ் பாட்டிலில். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கரண்டியால் அள்ளித் தட்டில் கொட்டினார்கள். அடுக்கு எங்கே என்று கேட்டேன். "உள்ளே போனா எல்லாம் ஒண்ணுதானே மாமி" என்று பதில் வந்தது.

எல்லாம் ஒன்றா? அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாத தலைமுறை வளர்கிறது. பத்து நிமிடத்தில் வாசலுக்கு எல்லாம் வந்துவிடுகிறது; ஆகவே எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. தகடு ஊறும் அரைமணி பொறுக்காதவர்கள், தாத்தா ஒரு கதையை முடிக்கும்வரை பொறுப்பார்களா? அடுக்கு தெரியாமல் குழைந்த அந்தத் தட்டைப் போலத்தான் நம் பிள்ளைகளின் பேச்சும் ஆகிவிட்டது: தமிழ், வங்காளி, ஆங்கிலம் எல்லாம் ஒரே கரண்டியில். ஒரு வீட்டின் ஒழுங்கு குலைவது சமையலறையில்தான் முதலில் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். கடுமையாகத் தோன்றினால் மன்றத்தார் பொறுத்தருள வேண்டும்.

மூத்தோர் சிலர் லசான்யா செய்யும் இந்த ஒழுங்கை விதியாக எழுதிவைக்கலாம் என்கிறார்கள். என் கோரிக்கை அதைவிடச் சின்னது. சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். கடையில் எதுவும் வாங்கி வர வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதில் நான்கு பொருளும், ஒரு பூரிக்கட்டையும் எடுத்து வாருங்கள். மாமியின் பென்சில் குறிப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தரையில் விரித்துவைத்துத் தொடங்குவோம்.